வளையமும் நோட்டும்: வீட்டில் பொரித்த பறவை எது என்று எப்படிச் சொல்வது?

கூண்டில் ஆறு பச்சை பட்ஜிகள், அதாவது நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லும் சின்னக் கிளிகள், உட்கார்ந்திருக்கின்றன. ஆறும் வீட்டிலேயே பொரித்தவை. நான்கு ஒரு ஜோடியின் குஞ்சுகள், இரண்டு வேறொரு ஜோடியின் குஞ்சுகள். கூட்டுப் பெட்டியை விட்டு வெளியே வந்த வாரத்தில் எது யாருடைய குஞ்சு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். மூன்று நான்கு மாதம் போகட்டும். முதல் இறகு உதிர்ப்பு வரும். அலகுக்கு மேலே இருக்கும் மூக்குத் தோல் வரைக்கும் இறங்கியிருந்த நெற்றிக் கோடுகள் மறையும். முழுக் கறுப்பாக இருந்த கண்ணில் வெள்ளை வட்டம் தெரியத் தொடங்கும். மூக்குத் தோலின் நிறமும் மாறும். எதை வைத்து நினைவு வைத்திருந்தோமோ அதுவே போய்விடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. இரண்டு பெட்டிக் குஞ்சுகளையும் ஒரே கூண்டில் விட்டேன், அடுத்த வருடம் அவற்றில் இரண்டை ஜோடி சேர்த்தேன். ஐந்து முட்டையில் மூன்று, கரு கூடி வளர்ந்து, ஓட்டை உடைக்காமலேயே உள்ளே செத்தன. அந்த ஜோடி அண்ணன் தங்கையா, வேறு வேறு கூட்டுப் பிள்ளைகளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனி தெரியப் போவதும் இல்லை. அன்றைக்கு ஒரு வளையமும் ஒரு வரியும் போட்டிருந்தால் போதும்.

இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இந்தப் பறவை இதுதான் என்று எப்போதும் சொல்ல முடிகிற மாதிரி அதன் உடம்பில் ஒரு அடையாளம். இன்னொன்று, அந்த அடையாளத்துக்கு எதிரே எழுதப்பட்ட பக்கம். முதலாவதைப் பலரும் செய்கிறார்கள். இரண்டாவதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அப்படி எழுதியவர்களிலும் கண்ணால் கண்டதையும் தாங்களாக யூகித்ததையும் பிரித்து எழுதியவர்கள் குறைவு. அந்தப் பிரிப்பு இல்லாத நோட்டு நாலு வருடத்தில் பொய் சொல்ல ஆரம்பிக்கும் என்பது என் அனுபவம்.

முதலில் பெயர். தமிழில் பட்ஜியை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லிச் சொல்லி, உண்மையான லவ் பேர்ட்ஸை ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்று தனியாக அழைக்க வேண்டியதாகிவிட்டது. பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை, லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. இனம் வேறு, உடல் அளவு வேறு, போட வேண்டிய வளையத்தின் அளவும் வேறு. ஆகவே நோட்டில் வாய்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் ஒரு தடவை எழுதிவிடுங்கள். பட்ஜி என்றால் மெலோப்சிட்டகஸ் அண்டுலேட்டஸ். ஒரு தடவை எழுதினால் போதும்.

காலில் ஏறும் எண்

பறவையின் காலில் எண் போடும் பழக்கத்துக்கு ஒழுங்கான தொடக்கம் டென்மார்க்கில் இருக்கிறது. விபோர்க் ஊரில் ஆசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன், 1899ல் ஸ்டார்லிங் என்ற மைனாக் குடும்பப் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையம் போட்டுப் பறக்கவிட்டார். அதற்கு முன்பே துத்தநாக வளையத்தைப் போட்டுப் பார்த்து, பறவைக்குப் பாரமாக இருக்கிறது என்று கைவிட்டிருந்தார். எண் இருக்க வேண்டும், அது பறவைக்குப் பாரமாகவும் இருக்கக் கூடாது. இன்றைக்கும் வளையத்தைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டும்தான் அளவுகோல்.

வீட்டுப் பறவைக்கு இரண்டு வகை வளையங்கள் உண்டு. வெட்டுள்ள வளையத்தை எந்த வயதிலும் விரித்துப் போடலாம், கழற்றலாம். ஒரு கூண்டில் எது ஆண், எது எந்த வரிசை என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள வண்ண பிளாஸ்டிக் வளையங்கள் கைகொடுக்கும். ஆனால் அந்தப் பறவை எங்கே பிறந்தது என்பதற்கு அவை சாட்சி ஆகாது. நேற்று வலையில் பிடித்த பறவைக்கும் இன்று அதைப் போட்டுவிட முடியுமே.

வெட்டு இல்லாத முழு வளையம் அப்படியல்ல. அது குஞ்சுப் பருவத்தில் சில நாட்களுக்கு மட்டுமே காலில் ஏறும். பாதம் வளர்ந்த பிறகு ஏறவும் ஏறாது, கழலவும் கழலாது. வளையம் சரியான அளவில் இருந்து, யாரும் அதை வெட்டி ஒட்டாமல் இருந்தால், இந்தப் பறவை சில நாள் குஞ்சாக இருந்தபோது ஒரு மனிதக் கையில் இருந்தது என்று அதுவே சொல்லிவிடும். ‘ரிங் போட்ட பறவை’ என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது இதனால்தான். வளையத்தின் மேல் பொதுவாக வளர்ப்பவரின் குறியீடு, வருடம், வரிசை எண் மூன்றும் இருக்கும். பல சங்கங்கள் வருடத்துக்கு ஒரு நிறம் என்று வைத்திருப்பதால், எண்ணைப் படிக்காமலே வயதைச் சொல்லலாம்.

உள்விட்டம் பட்ஜிக்குச் சுமார் 4 மி.மீ., கேனரி என்ற பாடும் குருவிக்குச் சுமார் 3 மி.மீ., காக்டெய்ல் என்ற கொண்டைக் கிளிக்குச் சுமார் 5.5 மி.மீ. சீப்ரா பிஞ்ச் என்ற சின்னக் குருவிக்கு 3 மி.மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரே இனத்திலும் கண்காட்சிக்கென்று வளர்க்கும் பெரிய வகைகளுக்கு அளவு கூடும். அரை மில்லிமீட்டர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. இறுக்கமான வளையம் வளர்ந்த காலில் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். பெரிய கிளிகளின் அலகு அலுமினியத்தை நசுக்கிவிடும், நசுங்கிய வளையம் காலைக் கவ்வும். அவற்றுக்கு ஸ்டீல் வளையம்தான் சரி.

போடும் நாள் வளர்ச்சியைப் பொறுத்தது. பட்ஜிக்கு ஏழெட்டு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நன்றாக இரை ஊட்டும் தாயின் குஞ்சுக்கு ஆறாவது நாளே வேண்டியிருக்கும், பின்தங்கிய குஞ்சுக்குப் பத்தாவது நாளும் தளர்வாக இருக்கும். காலண்டரைப் பார்க்காமல் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

போடுகிற விதம் இது. மேசையில் துணி விரித்து, குஞ்சை இடது உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு காலை விரல்களுக்கிடையே நீட்டிப் பிடிக்க வேண்டும். அந்த வயதில் கால் வெதுவெதுப்பாக, ரப்பர் மாதிரி வளையும். கிளி இனத்துக்கு இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். முன்விரல் இரண்டையும் பின்விரல்களில் நீளமானதையும் ஒன்றாகக் கூட்டிக் கூம்பு மாதிரி பிடித்து, அதன்மேல் வளையத்தை நழுவவிட்டு, பாதத்தின் அகலமான இடத்தைத் தாண்டிக் காலுக்கு ஏற்ற வேண்டும். நான்காவது, அதாவது குட்டிப் பின்விரல், காலோடு ஒட்டி வளையத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். முனை மழுங்கிய பல்குத்தும் குச்சியால் அதை மெல்ல வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பிஞ்ச், கேனரி போன்றவற்றுக்கு மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால். அங்கே முன்விரல் மூன்றையும் கூட்டிப் பிடித்து, பின்விரலைக் கடைசியில் விடுவிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அந்தக் குஞ்சுக்கு நாள் கடந்துவிட்டது, விட்டுவிடுங்கள். பலவந்தமாக ஏற்றினால் விரல் முறியும்.

போட்டதோடு முடிவதில்லை. அடுத்த இரண்டு மூன்று நாள் பெட்டிக்குள் கை விட்டுப் பார்க்க வேண்டும். சீக்கிரம் போட்ட வளையம் நழுவிக் கீழே எச்சத்துக்குள் கிடக்கும். இன்னொரு ஆபத்து தாயிடமிருந்து. பளபளக்கும் பொருளைக் கூட்டுக்குள் கண்டால் அதை எச்சம் என்றோ குப்பை என்றோ எண்ணி வெளியே தூக்கிப் போடும் தாய்கள் உண்டு. குஞ்சும் அதோடு சேர்ந்து வெளியே வந்து விழும். பிஞ்சிலும் கேனரியிலும் இது அதிகம். அதனால் வளையத்தைக் கறுப்பு மார்க்கரால் மங்கலாக்குவார்கள், அல்லது அந்தக் கூட்டின் எச்சத்தையே மேலே தடவிவிடுவார்கள். மாலை மங்கும் நேரத்தில் போட்டால், தாய் இருட்டில் குஞ்சின் மேல் உட்கார்ந்துவிடும். காலையில் வளையம் அதற்குப் பழகியிருக்கும்.

வளர்ந்த பறவையின் வளையத்தை மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும். உள்ளே காய்ந்த செதிலும் அழுக்கும் சேர்ந்து இறுகுவதுண்டு. காலில் செதில் பூச்சி வந்தால் மாவு பூத்த மாதிரி கெட்டியாகிச் சுழல முடியாமல் போகும். நூல் இழை சுற்றிக்கொள்வது இன்னும் மோசம். கால் வீங்கிய பிறகு வளையத்தை வீட்டுக் கத்தரியால் நறுக்கப் போகாதீர்கள். அந்தக் காலின் எலும்பு தீக்குச்சியைவிட மெலிது. பறவை மருத்துவரிடம் அதற்கென்றே வெட்டும் கருவி இருக்கும். வெட்டிய வளையத்தை வாங்கி வந்து, எந்தத் தேதியில் ஏன் எடுத்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அன்றிலிருந்து அது யாரென்று தெரியாத பறவை.

பெரிய கிளிகளுக்கு மைக்ரோசிப் உண்டு. அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் 15 இலக்க எண். மருத்துவர் அதை ஊசி வழியாக இடது பக்க நெஞ்சுத் தசைக்குள் வைப்பார். கருவி காட்டினால்தான் எண் தெரியும். பார்த்ததும் தெரியாது என்பது ஒரு குறைதான். ஆனால் வளையத்தை வெட்டிவிட்டுத் திருடிப் போனவனுக்கும் அது தெரியாது. பட்ஜி, பிஞ்ச் போன்ற சின்ன உடம்புக்கு இது பொருந்தாது.

வளையம் ஏறாத வயதில் குஞ்சுகளை எப்படிப் பிரிப்பது? உணவுக்குப் போடும் நிறத்தை முதுகில் ஒரு பொட்டு வைத்தால் சில நாள் தாங்கும். புகைப்படமும் நல்ல துணை. பட்ஜியின் தொண்டைப் புள்ளிகள், வண்ணம் கலந்த பைட் பறவையின் திட்டுகள், நகத்தின் நிறம் எல்லாம் பறவைக்குப் பறவை வேறுபடும். இரண்டு பக்கமும், முகமும், விரித்த இறக்கையும் படம் எடுத்து எண்ணோடு வையுங்கள். இறகு உதிர்ந்த பிறகு மறுபடி எடுக்க மறக்க வேண்டாம்.

பெட்டி மேல் ஒட்டிய அட்டை

பதிவின் முதல் பக்கம் முட்டையிலிருந்தே தொடங்குகிறது. பட்ஜி ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும். அடை சுமார் 18 நாள். தாய் முதல் முட்டையிலிருந்தோ இரண்டாவதிலிருந்தோ உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகளும் அதே இடைவெளியில்தான் வெளியே வரும். ஒரு அட்டையைச் சொல்கிறேன்: மார்ச் 3, 5, 7, 9, 11 என்று ஐந்து முட்டை. விஷம் இல்லாத மார்க்கரால் மெதுவாக ஒன்று முதல் ஐந்து வரை ஓட்டில் எண் போட்டாயிற்று. ஆறேழு நாள் அடைக்குப் பிறகு சின்ன டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்தால், கரு கூடிய முட்டைக்குள் சிவந்த நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடும். மூன்றாம் எண் மட்டும் மஞ்சளாகத் தெளிந்து கிடந்தது, கூமுட்டை. மார்ச் 21ல் முதல் குஞ்சு, 23ல் இரண்டாவது, 27ல் நான்காம் முட்டை, 29ல் ஐந்தாவது. கடைசிக் குஞ்சு ஓட்டை உடைத்த அன்றுதான் முதல் குஞ்சுக்கு வளையம் போட்டேன். ஒன்று இறகு முளைக்கத் தொடங்கி உள்ளங்கையை நிரப்புகிறது, இன்னொன்று இரண்டு கிராம் எடையில் கண் திறக்காமல் கிடக்கிறது. ஒரே கூடு, ஒரே அடை, எட்டு நாள் வித்தியாசம்.

இந்தத் தேதிகள் எதற்கு என்று கேட்கலாம். 18 நாள் தாண்டியும் பொரிக்கவில்லை என்றால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்று முட்டையின் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். கூமுட்டை ஒரு ஜோடிக்கு ஒரு தடவை வந்தால் அதில் ஒன்றுமில்லை, மூன்று அடையிலும் முழுக்க வந்தால் ஜோடியில் ஏதோ சரியில்லை. உள்ளே வளர்ந்து கடைசி நாளில் செத்தது என்றால் அது வேறு கதை: ஈரப்பதம், தாயின் சத்துக் குறைவு, நெருங்கிய இரத்தம் என்று தேட வேண்டும். தெளிந்த முட்டையையும் செத்த கருவையும் ‘கெட்டுப்போனது’ என்று ஒரே சொல்லில் எழுதினால் அந்தத் தேடலுக்கு வழியே இல்லை. பொரித்ததைச் சந்தோஷமாக எழுதுகிறவர்கள் பொரிக்காததை விட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் யாரை யாரோடு சேர்க்கக் கூடாது என்று சொல்வது அந்த விட்டுப்போன வரிகள்தான்.

அப்பா யார்?

தனிக் கூண்டில் ஒரே ஜோடி என்றால் அப்பா யார் என்பதில் பெரும்பாலும் சந்தேகம் இல்லை. பெரிய கூண்டில் பல ஜோடிகளைச் சேர்த்து விட்டிருந்தால், நோட்டில் ‘தந்தை’ என்று எழுதும் பெயர் யூகம் மட்டுமே. ஜோடி கட்டி வாழும் பறவைகளும் வெளியே சேர்வதுண்டு என்பதை டிஎன்ஏ ஆய்வுகள் பல இனங்களில் காட்டிவிட்டன. ஒரு பெண் இன்னொன்றின் பெட்டியில் முட்டையிட்டுவிட்டுப் போவதும் நடக்கும், அப்போது தாயே மாறிவிடும்.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பெண் பறவையின் உடம்பில் ஆணின் விந்தணுவைச் சேமிக்கும் நுண்குழாய்கள் இருக்கின்றன. கோழியில் அது இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும், பிஞ்சில் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நேற்று ஜோடியைப் பிரித்து இன்று புது ஆணோடு சேர்த்தால் முதல் முட்டைகள் பழைய ஆணுடையதாக இருக்கலாம். ஆக, பிரித்த தேதியும் சேர்த்த தேதியும் எழுதப்பட வேண்டும். இடையில் மூன்று வாரமாவது விட்டால் நல்லது. விட முடியவில்லை என்றால் அந்த அடைக்கு ‘தந்தை உறுதியில்லை’ என்று எழுதிவிடுங்கள். அப்படி எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சில சமயம் நிறமே சாட்சி சொல்லும். நீலப் பட்ஜி இரண்டு சேர்ந்தால் பச்சைக் குஞ்சு பிறக்க வழியில்லை. பிறந்திருந்தால் வேறொரு பறவை நடுவில் இருக்கிறது. லுட்டினோ (மஞ்சள் உடம்பும் சிவப்புக் கண்ணும் உள்ள வகை) ஆணுக்கும் சாதாரணப் பச்சைப் பெண்ணுக்கும் பிறக்கும் பெண் குஞ்சுகள் எல்லாமே லுட்டினோவாக இருக்க வேண்டும், ஆண் குஞ்சுகள் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்தக் கூட்டில் ஒரு பச்சைப் பெண் வந்தால் அப்பா அந்த லுட்டினோ இல்லை. இப்படிக் கண்டுபிடிக்கவும், பெற்றோர் நிறம் ஏற்கெனவே எழுதியிருந்தால்தான் முடியும்.

கண்ணுக்குத் தெரியாததை நோட்டுக்குத் தெரியும்

நிற வகைகளில் பதிவின் பெருமை முழுதாகத் தெரியும். நீலம் ஒடுங்கு பண்பு, தாய் தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பச்சைப் பறவை ஒன்று நீலத்தை உள்ளே சுமந்துகொண்டிருக்கலாம். வளர்ப்பவர்கள் பேச்சில் அது ‘ஸ்ப்ளிட்’. சுமக்கும் பச்சையும் சுமக்காத பச்சையும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டு ஸ்ப்ளிட் சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு நீலம்.

இதில் ஒரு அழகான கணக்கு வருகிறது. இரண்டு பச்சைப் பறவைக்கு எதிர்பாராமல் ஒரு நீலக் குஞ்சு பிறக்கிறது. அந்த நொடியில் நோட்டில் மூன்று இடத்தில் திருத்தம் வரவேண்டும்: தாய் ஸ்ப்ளிட், தந்தை ஸ்ப்ளிட், அந்த ஜோடிக்கு இதுவரை பிறந்த ஒவ்வொரு பச்சைக் குஞ்சும் ஸ்ப்ளிட்டாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. வேறு வீட்டுக்குப் போன குஞ்சுகளுக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு பிறப்பு, பழைய பக்கங்களின் பொருளையே மாற்றிவிடுகிறது. பட்ஜியில் ஐனோ (லுட்டினோவும் அல்பினோவும் இதில் அடக்கம்), ஓப்பலைன், சின்னமன் போன்ற நிற வகைகள் பால் சார்ந்த பண்புகள், அதாவது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இருப்பவை. ஆண் மட்டுமே அவற்றுக்கு ஸ்ப்ளிட்டாக இருக்க முடியும். பெண்ணிடம் இருந்தால் வெளியே தெரிந்தே தீரும். ‘லுட்டினோ ஸ்ப்ளிட் பெண்’ என்று யாராவது பறவை கொடுத்தால் அவருடைய நோட்டை நம்ப வேண்டாம்.

நிறப் பதிவு உயிரைக் காக்கும் இடமும் உண்டு. கேனரியில் கொண்டை வைத்த வகை இருக்கிறது. கொண்டைக்கான மரபணு ஓங்கு பண்பு, ஒரு பக்கமிருந்து வந்தாலே கொண்டை தெரியும், ஆனால் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. கொண்டையோடு கொண்டையைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு பங்கு முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால்தான் கொண்டைப் பறவையைக் கொண்டை இல்லாத துணையோடுதான் சேர்க்க வேண்டும்.

உறவுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1922ல் மரபியலாளர் ஸூவல் ரைட் அகக்கலப்புக் கெழு என்ற அளவைக் கொடுத்தார். அண்ணன் தங்கை சேர்ந்து பிறக்கும் குஞ்சுக்கு 25 சதவீதம், தாயோ தந்தையோ மட்டும் பொதுவான அரைச் சகோதரர்களுக்குப் பிறந்தால் 12.5, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்குப் பிறந்தால் 6.25. கெழு கூடக்கூட, ஒளிந்திருக்கும் கெட்ட பண்புகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு குஞ்சைப் பிடித்து ‘இது ஜோடி’ என்று கொடுத்துவிடுவது எங்கும் நடக்கிறது. வாங்கியவர் அறியாமலே முதல் தலைமுறையிலேயே 25க்குப் போய்விடுகிறார். தாத்தா பாட்டி வரை இரண்டு தலைமுறை எழுதியிருந்தால் இந்தத் தவறு நேராது. அதற்குமேல் எழுதுவது நல்லது, ஆனால் தாத்தா வரை கட்டாயம்.

இதன் எல்லையைப் பார்க்க ஸ்பிக்ஸ் மக்காவைப் பார்க்க வேண்டும். பிரேசிலின் நீலக் கிளி. காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையைப் பிடிக்காமலே, அது உதிர்த்த இறகிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அது ஆண் என்று 1990களில் உறுதி செய்தார்கள். 2000ல் அதுவும் மறைந்தது. கூண்டுகளில் இருந்தவை ஒரு கைப்பிடிப் பறவைகளின் வழிவந்தவை, எல்லாமே சொந்தம். யாரை யாரோடு சேர்த்தால் இரத்தம் குறைவாக நெருங்கும் என்பதை வம்சப் பதிவேடு வைத்துத்தான் முடிவு செய்தார்கள். 2022ல் ஒரு கூட்டம் மறுபடியும் பிரேசில் காட்டில் விடப்பட்டது. நம் வீட்டுப் பட்ஜிக்கு அந்த நிலை இல்லைதான். ஆனால் அங்கே கணக்குப் போட வைத்திருந்த ஏட்டில் இருந்ததும் எண், தாய், தந்தை, தேதி இவைதான்.

ஆணா பெண்ணா

வளர்ந்த பட்ஜியில் ஆணின் மூக்குத் தோல் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு அல்லது வெளிறிய நிறம். லுட்டினோ, அல்பினோ, ஒடுங்கு பைட் வகைகளில் வளர்ந்த ஆணுக்கும் இளஞ்சிவப்பு ஊதாவாகவே இருந்துவிடும், அங்கே இந்த விதி ஏமாற்றும். எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. நெடுங்காலம் அவற்றை இரண்டு தனி இனங்கள் என்றே நினைத்திருந்தார்கள். ஆப்பிரிக்கன் கிரேயும் பல லவ் பேர்ட் வகைகளும் பார்த்துச் சொல்ல முடியாதவை. அவற்றுக்கு டிஎன்ஏ சோதனைதான். பறவையில் பெண்ணுக்குத்தான் இசட், டபிள்யூ என்று இரண்டு வேறு பால் குரோமோசோம், ஆணுக்கு இரண்டும் இசட். உதிர்ந்த இறகைவிடப் புதிதாகப் பிடுங்கிய நெஞ்சு இறகு நல்லது, அடித்தண்டில் செல்கள் இருக்கும். உறையின் மேல் வளைய எண்ணை எழுதிய பிறகு இறகை உள்ளே போடுங்கள். சோதனைச்சாலை எவ்வளவு சரியாகச் சொன்னாலும் உறை மாறினால் விடை மாறிவிடும். நோட்டில் ‘பெண்’ என்று மட்டும் எழுதாமல் ‘பெண், டிஎன்ஏ’ அல்லது ‘பெண், பார்த்து’ என்று எழுதுங்கள்.

எடை, நோய், இடமாற்றம்

பறவை நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிவது இரையாகும் என்பதால் கடைசி வரை நிமிர்ந்தே உட்காரும். வளர்ந்த பட்ஜியின் எடை பெரும்பாலும் 30 முதல் 40 கிராம். அதில் நான்கு கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள், கண்ணுக்கோ இறகு மூடிய உடம்பில் ஒன்றும் தெரியாது. சமையலறை டிஜிட்டல் தராசும் ஒரு சின்ன டப்பாவும் போதும். வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், தீனி வைப்பதற்கு முன். குஞ்சுகளுக்குத் தினமும். முந்தைய நாளைவிட ஏறாத குஞ்சின் இரைப்பையை அன்றே தொட்டுப் பாருங்கள்.

புதிதாக வந்த பறவை எந்தத் தேதியில் வந்தது, எங்கிருந்து, எத்தனை நாள் தனியாக வைக்கப்பட்டது என்பதும் பதிவில் வேண்டும். கிளிக் காய்ச்சல் பறவையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். 1929, 1930 ஆண்டுகளில் கப்பலில் வந்த கிளிகள் வழியாக அது பல நாடுகளில் பரவியது. ஒரு பறவைக்கு நோய் என்று தெரிந்தால், கடந்த இரண்டு மாதத்தில் அதோடு ஒரே கூண்டில் இருந்தவை எவை, வெளியே போனவை எவை என்ற கேள்விக்கு உடனே விடை வேண்டும். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள் இவையும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1973ல் கையெழுத்தாகி 1975ல் நடைமுறைக்கு வந்த, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் கிளி இனங்கள் அநேகமாக எல்லாமே இருக்கின்றன. பட்ஜி, காக்டெய்ல், ரோஸி ஃபேஸ் லவ் பேர்ட், செந்தார்ப் பைங்கிளி (நம் ஊர்ப் பச்சைக்கிளி) என்ற நான்கும்தான் வெளியே. ஆப்பிரிக்கன் கிரே 2017 ஜனவரியிலிருந்து மிகக் கண்டிப்பான முதல் பட்டியலில் இருக்கிறது. நாட்டுக்கு நாடு உள்ளூர்ச் சட்டம் வேறு, இந்த நான்கில் ஒன்றை வளர்க்கவே கூடாது என்ற இடமும் உண்டு. கூண்டில் பிறந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வளர்ப்பவருடையது. முழு வளையம், பெற்றோர் எண், முட்டைத் தேதி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் அது நல்ல ஆதாரம்.

எழுதும் விதம்

கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டும் பென்சிலும் முதல். கம்ப்யூட்டர் அப்புறம். கையில் குஞ்சு, விரலில் எச்சம் என்று நிற்கும்போது யாரும் போனைத் திறந்து கட்டங்களை நிரப்புவதில்லை. வாரக் கடைசியில் அதைப் பார்த்து ஒரு அட்டவணையில் ஏற்றி, அதன் பிரதியை வேறோர் இடத்தில் வைக்கலாம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 4/3 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று ஐந்து வருடம் கழித்து நீங்களே திணறுவீர்கள். தப்பாக எழுதியதை அழிக்க வேண்டாம், ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்தித் தேதி இடுங்கள். நான் பக்கத்தை நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் கண்டது, வலது பக்கம் நினைப்பது என்று எழுதுகிறேன். தெரியாத இடத்தில் ‘தெரியாது’. காலி இடம் விட்டால் பிறகு நினைவிலிருந்து நிரப்பத் தோன்றும், நினைவு அந்த வேலைக்கு உதவாது.

காக்டெய்ல் 15, 20 வருடம் இருக்கும். ஆப்பிரிக்கன் கிரே 40ஐத் தாண்டும். ஒரு கிளி தன் வாழ்நாளில் இரண்டு மூன்று வீடு மாறுவது சாதாரணம். கொடுக்கும்போது வளைய எண், பொரித்த தேதி, பெற்றோர் எண், பால் அறிந்த விதம், நோய் வரலாறு, கடைசி எடை, என்ன தீனி பழகியது என்று ஒரே தாளில் எழுதிப் பறவையோடு கொடுத்துவிடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். பறவை தொலைந்து போய்த் தேடும்போது மட்டும் முழு எண்ணை வெளியே சொல்ல வேண்டாம். கண்டெடுத்தவர் கேட்க, சொந்தக்காரர் சொல்ல, கடைசி இலக்கங்கள் மிஞ்சியிருக்க வேண்டும்.

பறவை இறந்தால் பக்கத்தை மூடும் முன் வயது, கடைசி எடை, கண்ட அறிகுறி, மருத்துவர் பரிசோதித்திருந்தால் என்ன சொன்னார் என்பதை எழுதுகிறேன். பிறகு காலிலிருந்து வளையத்தை வெட்டி எடுத்து, அதே பக்கத்தில் டேப்பால் ஒட்டிவிடுகிறேன். வெளியே கிடந்தால் அது வேறொரு காலுக்குப் போகலாம். அந்த எண்ணை மறுபடி எந்தக் குஞ்சுக்கும் கொடுப்பதில்லை.